புரூக்ளினில் இருந்த நம்ம ஊர்க் குரங்குகள்

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் கையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே, தலையில் நடு வகிடு எடுத்துச் சீவின மாதிரி முடி இருக்கும் குரங்கு, அது தென்னிந்தியாவுக்கே உரிய இனம். நாட்டுக் குரங்கு என்போம். அறிவியல் பெயர் மகாகா ரேடியேட்டா. பாபநாசம், அகத்தியர் அருவி, காரையாறு போகிற பாதை என்று நம் திருநெல்வேலிப் பக்கம் எங்கே பார்த்தாலும் இதுதான். இந்த இனத்தின் ஒரு கூட்டத்தை நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில் உள்ள ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வளர்த்தார்கள். அங்கே லெனர்ட் ரோசன்பிளம் என்ற ஆய்வாளர் தாய்க்குரங்குகளையும் குட்டிகளையும் வைத்துச் செய்த ஒரு சோதனை, பதற்றம் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட அதிகமாக என்னை உலுக்கியது. நான் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறவள். பாடப்புத்தகத்தில் இது இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சோதனை ரொம்ப எளிமையானது. தாய்க்குரங்குகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகைக்கு இரை சுலபமாகக் கிடைக்கும். இரண்டாம் வகைக்கு எப்போதுமே கஷ்டப்பட்டுத் தேடினால்தான் கிடைக்கும், மரச்சீவல்களைக் கிளறிக் கிளறிப் பொறுக்க வேண்டும். மூன்றாம் வகைக்கு இரண்டு வாரம் சுலபம், அடுத்த இரண்டு வாரம் கஷ்டம், மறுபடி சுலபம், மறுபடி கஷ்டம் என்று மாற்றி மாற்றி. மூன்று வகையிலும் மொத்த உணவு போதுமான அளவுதான், யாரும் பட்டினி கிடக்கவில்லை, இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய குட்டி அதிகம் கஷ்டப்பட்டிருக்கும்? தாய் நாள் முழுக்க இரை தேடி அலைகிறதே, அந்த இரண்டாம் வகைக் குட்டி என்றுதான் நானும் எதிர்பார்த்தேன், வகுப்பில் கேட்டால் பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் உடைந்தது மூன்றாம் வகை. அந்தத் தாய்கள் தங்களுக்குள் சண்டை போட்டன, குட்டியைக் கவனிப்பதில் நிதானம் போனது, குட்டிகள் தாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றுப்புறத்தைப் போய்ப் பார்க்கவே தயங்கின. இது 1984-இல் வெளியான ஆய்வு.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தக் குட்டிகள் வளர்ந்து பெரிதான பிறகு, ஜெரமி கோப்லான் என்பவரும் ரோசன்பிளமும் மற்றவர்களும் சேர்ந்து அவற்றின் மூளைத் தண்டுவட நீரை எடுத்துப் பார்த்தார்கள். 1996-இல் முடிவு வந்தது. குட்டிப் பருவத்தில் சில மாதங்கள் மட்டும் மூன்றாம் வகைத் தாயிடம் வளர்ந்தவை, அப்புறம் வருஷக்கணக்கில் சாதாரணமாக வாழ்ந்தவை, அவற்றின் நீரில், ஆபத்து நேரத்தில் மூளை சுரக்கும் சி.ஆர்.எஃப் என்கிற வேதிப்பொருள் மற்ற இரண்டு வகைகளையும்விடக் கூடுதலாக இருந்தது. கஷ்டப்பட்ட தாயின் குட்டிகளையும்விட. கஷ்டம் நிலையாக இருந்த வீட்டுக் குட்டியின் மூளை சமாளித்துக்கொண்டது, நாளைக்கு எப்படி இருக்கும் என்று தாய்க்கே தெரியாத வீட்டுக் குட்டியின் மூளை வளர்ந்த பிறகும் அந்தக் காலத்திலேயே நின்றது.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீட்டுச் சுளகு ஞாபகம் வந்தது. அம்மா பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தாள். ஆலங்குளம், முக்கூடல், மேலப்பாளையம் என்று நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர் மடியில் சுளகை வைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆயிரம் பீடி சுற்றுவது உடம்பை ஒடிக்கும் வேலை, கழுத்தும் முதுகும் போய்விடும். ஆனால் அம்மாவை அலைக்கழித்தது அது இல்லை. இந்த வாரம் பீடிக் கம்பெனிக் கடையில் எத்தனை நாளுக்கு இலையும் தூளும் போடுவார்கள் என்று தெரியாது. போட்ட இலை நன்றாக இருக்குமா, இல்லை கிழிசலும் ஓட்டையுமாக இருந்து கைக்காசு போட்டு வெளியே இலை வாங்க வேண்டுமா தெரியாது. சுற்றிக் கொண்டுபோனதில் எத்தனையைச் சரியில்லை என்று கழித்துப் போடுவார்கள் தெரியாது. பிசான நெல் சாகுபடி பொய்த்த வருஷங்களில் வயல் வேலைக்கும் போக முடியாது, அப்போதெல்லாம்கூட வீடு அமைதியாகத்தான் இருந்தது, எல்லாருக்கும் கஞ்சிதான் என்பது உறுதியாகத் தெரிந்ததால். கடை நாலு நாள் திறந்து இரண்டு நாள் மூடின மாதங்களில்தான் வீட்டில் பாத்திரம் உருண்டது, எங்களுக்கு அடி விழுந்தது, ராத்திரி அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். குரங்குச் சோதனையை அப்படியே மனுஷர் மேல் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனாலும் கூலியை உயர்த்திக் கேட்கிற ஒவ்வொரு கூட்டத்திலும், வாரத்துக்கு இத்தனை நாள் வேலை உறுதி என்பதையும் அதே சத்தத்தில் கேட்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அது வருமானக் கணக்கு மட்டும் இல்லை, அந்த வீட்டில் தவழ்கிற பிள்ளையின் மூளைக் கணக்கும்தான்.

சரி, அந்த சி.ஆர்.எஃப் என்ன பொருள்? ஆபத்து என்று தோன்றினதும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் இதைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரிக்குப் போகிறது, பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனை அனுப்புகிறது, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசால் சுரக்கிறது. எலியில் அதே வேலையைக் கார்டிகோஸ்டீரோன் செய்கிறது. இதன் ஆரம்பப் புள்ளியாக ஒரு பொருள் இருக்கிறது என்று ரொம்ப நாளாக ஊகித்தார்கள், ஆனால் கைக்கு அகப்படவில்லை. கலிஃபோர்னியாவில் சால்க் நிறுவனத்தில் வைலி வேல் என்பவரின் குழு கிட்டத்தட்ட 5 லட்சம் ஆடுகளின் ஹைப்போதலாமஸ் துணுக்குகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, 41 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது என்று 1981-இல் அறிவித்தது. ஐந்து லட்சம் ஆடு! இந்த எண்ணைக் கேட்டு வகுப்பே ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கும்.

கார்டிசால் விஷயத்தோடு இது நிற்பதில்லை. மூளைக்குள்ளேயே, அமிக்டலா என்கிற பாதாம்கொட்டை வடிவப் பகுதியிலும் அதன் பக்கத்திலும் சி.ஆர்.எஃப் வேலை செய்கிறது. மின் அதிர்ச்சிக்கு முன்னால் விளக்கு எரிந்தால் எலி அந்த விளக்குக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளும், விளக்கு அணைந்தால் பயமும் போகும், அது அமிக்டலாவின் குறுகிய வேலை. எங்கிருந்து எப்போது வரும் என்று தெரியாத ஆபத்துக்காக நெடுநேரம் விறைத்துக்கொண்டே இருக்கும் நிலை ஒன்று இருக்கிறதே, அதில் அமிக்டலாவுக்கு அடுத்திருக்கும் இன்னொரு நரம்புத் தொகுதிக்கும் சி.ஆர்.எஃப்-க்கும் பங்கு இருப்பதை மைக்கேல் டேவிஸ் என்பவரின் எலிச் சோதனைகள் காட்டின. அப்படியானால் சி.ஆர்.எஃப்-ஐ அடைத்தால் பதற்றம் போய்விடும் அல்லவா? மருந்து நிறுவனங்கள் அப்படித்தான் நம்பின. விலங்குகளில் நன்றாக வேலை செய்த மருந்துகள் மனிதர்களிடம் வந்ததும் தோற்றன, பொதுப் பதற்ற நோயாளிகளிடம் பெக்ஸாசெர்ஃபான்ட் என்ற மருந்து, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடக் கூடுதலாக எதுவும் செய்யவில்லை. அதே வகையைச் சேர்ந்த கிரினெசெர்ஃபான்ட் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் பிறவியிலேயே வரும் ஓர் அட்ரினல் சுரப்பி நோய்க்கு. பதற்றத்துக்கு இல்லை. ஒரே ஒரு பொருளில் பதற்றத்தின் சாவியைத் தேடுகிறவர்களை நான் நம்பாமல் போனதற்கு இது பெரிய காரணம். எந்த வீட்டில், எந்த வயசில், எத்தனை நாள் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த வேதியியலை நடத்துகிறது.

1970-ஐ ஒட்டி ஜே வைஸ் என்பவர் செய்த எலிச் சோதனையையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு எலிகளுக்கும் ஒரே அளவு மின் அதிர்ச்சி, ஒரே நேரத்தில். ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சி வருவதற்கு முன்னால் ஒரு ஒலி கேட்கும், மற்றதுக்கு அந்த ஒலிக்கும் அதிர்ச்சிக்கும் சம்பந்தம் இருக்காது. அடி ஒன்றுதான், ஆனால் முன்னறிவிப்பு இல்லாத எலியின் இரைப்பையில் புண்கள் மிக அதிகம். ஒலி வந்தால் அடி வரும் என்று தெரிந்த எலிக்கு, ஒலி வராத நேரமெல்லாம் ஓய்வு. மற்றதுக்கு ஓய்வு என்பதே கிடையாது.

அப்புறம் பெங்களூரு. இதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு, பதற்றம் ஏன் நாள்பட நிற்கிறது என்பதில் உலகம் திரும்பிப் பார்த்த வேலைகளில் சில, திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய் இறங்குகிற ஊரில் நடந்தவை. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சாட்டர்ஜியின் குழு, எலிகளை ஒரு நாளைக்கு 2 மணி நேரம் அசைய முடியாமல் அடைத்து வைத்தது, 10 நாள். பிறகு மூளையின் நரம்புச் செல்களைச் சாயமேற்றிப் பார்த்தார்கள். ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸில் செல்களின் கிளைகள் சுருங்கியிருந்தன, இது ஏற்கெனவே மற்றவர்களும் கண்டதுதான். ஆனால் அமிக்டலாவில் கிளைகள் வளர்ந்திருந்தன. ஒரே அழுத்தம், ஓரிடத்தில் சுருக்கம், ஓரிடத்தில் தழைப்பு. 2002-இல் வெளியானது அது. அடுத்து 2004-இல் அவர்கள் கேட்ட கேள்விதான் முக்கியம்: எலிகளை 21 நாள் ஒரு தொந்தரவும் இல்லாமல் விட்டால்? ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலா திரும்பவில்லை. பதற்றமும் குறையவில்லை.

எலிக்குப் பதற்றம் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கூட்டல் குறி வடிவத்தில், தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் உயர்த்தி ஒரு மேடை. இரண்டு கைகளுக்குச் சுவர் இருக்கும், இரண்டுக்குச் சுவர் கிடையாது. சாதாரண எலி திறந்த கையிலும் போய் எட்டிப் பார்க்கும், பதறின எலி சுவருக்குள்ளேயே கிடக்கும். அளக்கிறது இவ்வளவுதான். எலி உள்ளுக்குள் என்ன உணர்கிறது என்று இதிலிருந்து சொல்ல முடியாது, பய ஆராய்ச்சியில் பெரிய பெயரான ஜோசஃப் லெடூவே இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாம் பார்ப்பது தற்காப்பு நடத்தை, மனுஷர் வாயால் சொல்கிற பயத்தின் முழு வடிவம் இல்லை. மேலே சொன்ன மருந்துகள் தோற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர் மாதிரி ஆட்கள் வாதிடுகிறார்கள், எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

ஆனால் 2005-இல் சாட்டர்ஜி குழுவினர் வெளியிட்ட ஒரு முடிவு, எங்கள் தெருவில் நான் கண்ணால் பார்த்ததோடு அவ்வளவு பொருந்திப் போனது. ஒரே ஒரு தடவை, 2 மணி நேரம், எலியை அடைத்து வைத்தார்கள். மறுநாள் சோதித்தால் ஒன்றும் இல்லை. 10 நாள் கழித்துச் சோதித்தால் அமிக்டலா செல்களில் புதிய முளைகள் கூடியிருந்தன, எலி சுவர்ப் பக்கமே ஒதுங்கியது. நடுவில் எதுவும் நடக்கவில்லை. மூளை தானாகவே, சத்தமில்லாமல், அந்த 2 மணி நேரத்தை வளர்த்துக்கொண்டிருந்தது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டது, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட் குளமானது எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். ஆற்றை ஒட்டின எங்கள் தெருவில் ராத்திரியில் தண்ணீர் ஏறியது. பக்கத்து வீட்டு அத்தை மொட்டை மாடியில் விடியும்வரை நின்றார். தண்ணீர் வடிந்ததும் முதலில் எழுந்து வேலையில் இறங்கியது அவர்தான், சேறு அள்ளினார், நனைந்த நெல்லைக் காய வைத்தார், 6000 ரூபாய் நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார், எங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னார். பொங்கல் வரை ஒரு குறையும் இல்லை. தை கடைசியில்தான் ஆரம்பித்தது. மேல்நிலைத் தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசல் படியைத் தொட்டுப் பார்ப்பார், ஈரமா என்று. அடுத்த ஐப்பசியில் மழை தொடங்கினதும் சாப்பாடு இறங்கவில்லை.

பயந்த கோளாறு என்று திருநீறு போடக் கூட்டிப் போனார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஒருவர் தலையில் கை வைத்து, ஒன்றும் இல்லை தாயி என்று சொல்வதில் ஓர் ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது, அன்று ராத்திரி அவர் தூங்கினார். என்னால் பொறுக்க முடியாமல் போனது வேறு பேச்சு. "எல்லாருந்தான் வெள்ளத்தப் பாத்தோம், ஒனக்கு மட்டும் என்ன? அப்பமே பயப்படல, இப்ப என்னத்துக்குப் பயப்படுத?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். நடிப்பு என்றுகூட ஒருவர் சொன்னார். அத்தை என்னிடம் சொன்னது இது: "எனக்கே தெரியுது ஒண்ணும் ஆவாதுன்னு. நெஞ்சு கேக்க மாட்டேங்கு, என்னத்தச் செய்யச் சொல்லுத?"

நெஞ்சு கேட்காததற்குக் காரணம் இருக்கிறது, நாள் கழித்து வருவதற்கும் காரணம் இருக்கிறது என்று அந்தச் சொந்தக்காரர்களை உட்கார வைத்து எலிச் சோதனையைச் சொன்னேன். எல்லாருக்கும் ஏன் வரவில்லை என்பதற்கும் பதில் உண்டு. விஸ்கான்சினில் நெட் காலினின் குழு, ஒரே பெரிய குடும்பக் கிளையைச் சேர்ந்த 592 ரீசஸ் குரங்குக் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தனியறையில் வைத்து, முன்பின் தெரியாத ஓர் ஆள் முகத்தைத் திருப்பிப் பக்கவாட்டில் நிற்கும்போது குட்டி எவ்வளவு நேரம் உறைந்து போகிறது என்று அளந்து, மூளையையும் படமெடுத்தது. பதறும் சுபாவத்தில் காணும் வேறுபாட்டில் சுமார் 35 சதவீதம் பரம்பரையால் வருகிறது என்று 2015-இல் எழுதினார்கள். முழுசும் இல்லை, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் வாழ்க்கை. ஒரே தெருவில் ஒரே தண்ணீரில் நின்றவர்களுக்கு வேறு வேறு மாதிரி ஆவதில் ஆச்சரியப்பட ஒன்றுமே இல்லை.

அத்தைக்கு உதவினது இரண்டு. ஒன்று, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போனது. அங்கே மாத்திரையும் கொடுத்தார்கள், பயப்படுகிற சத்தங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குகிற பயிற்சியும் சொன்னார்கள். இந்தப் பயிற்சி பழைய பயத்தை அழிப்பதில்லை, அதன் மேல் பத்திரம் என்கிற புதுப் பாடத்தை எழுதுகிறது என்பதும் எலிகளில் தெரிந்ததுதான். அதனால் இடமோ காலமோ மாறினால் பழையது மறுபடி தலைகாட்டும். அப்படித் தலைகாட்டும்போது சிகிச்சை வீணாகிவிட்டது என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள், இதை நான் அத்தையிடம் மட்டும் இல்லை, படிக்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

இன்னொன்று அவர் மகன் செய்தது. சென்னையிலிருந்து தினம் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்து அணை நிலவரத்தைச் சொல்வான். பாபநாசம் 143 அடியில் இன்று எத்தனை, சேர்வலாறு 156-இல் எத்தனை, மணிமுத்தாறு 118-இல் எத்தனை, ஆற்றில் எவ்வளவு திறக்கிறார்கள். தைரியமா இரு அம்மா என்று அவன் சொல்வதில்லை. இவ்வளவு இருக்கு, இத்தனை அடி வரைக்கும் கவலை இல்லை, அதுக்கு மேல் போனா ராத்திரியானாலும் நானே கூப்பிடுவேன் என்பான். போன் வராத நேரமெல்லாம் அத்தைக்கு ஓய்வு. வைஸின் எலிக்கு அந்த ஒலி கொடுத்ததைத்தான் அவன் கொடுக்கிறான், அவன் எந்த ஆய்வையும் படித்தவன் இல்லை.

விலங்குகளைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எலியை அடைத்து வைத்துப் பெற்ற அறிவால் ஒரு பெண்ணை நடிக்கிறாள் என்று சொல்வதை நிறுத்த முடிகிறது என்றால் அதை நான் ஏற்கிறேன், வருத்தத்தோடுதான். 1960-ஆம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இதற்கென்று மேற்பார்வைக் குழு இருக்கிறது, ஒவ்வொரு சோதனைக்கும் அனுமதி வேண்டும், அதை இன்னும் இறுக்கினாலும் நான் ஆதரிப்பேன். குரங்குகள் விஷயத்தில் மனசு ஒப்பவில்லை. 1978-இல் ரீசஸ் குரங்கு ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது சரியான காரியம். தாய்க்கு நிச்சயமில்லாமல் செய்தால் குட்டி என்ன ஆகும் என்பதை அந்த நாட்டுக் குரங்குகள் ஒரு தடவை காட்டிவிட்டன, அதையே இன்னொரு கூண்டில் திரும்பச் செய்து பார்க்க வேண்டிய தேவை இல்லை. தெரிந்ததை வைத்துச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

ஐப்பசி வருவதற்குள், உங்கள் தெருவிலும் 2023-க்கு அப்புறம் மழைச் சத்தத்தில் தூங்காதவர் யாராவது இருந்தால், கேட்டுப் பாருங்கள். ஹைகிரவுண்டுக்குக் கூட்டிப் போங்கள், உடனே போக முடியாவிட்டால் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலேயே பேசலாம். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்கு அந்த ஏழு மணி அணை நிலவரத்தை இப்போது நான் சொல்லி வருகிறேன்.